எரிமலை நூதனசாலையில் அண்ணனின் சப்பாத்து

ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில், சயாமுக்குத் தெற்கே எங்கள் ஜார்ஜ் டவுனில், ஒரு பள்ளி மண்டபத்தை எரிமலை நூதனசாலையாக, அருங்காட்சிக் கூடமாக, மாற்றினார்கள். பார்க்க வருகிற ஆண்களுக்கு ஆளுக்கு ஒரு படி அரிசி என்று அறிவித்தார்கள். மரவள்ளிக் கிழங்கு தின்று நாக்குச் செத்துப்போயிருந்த எனக்கு எரிமலையாவது மண்ணாங்கட்டியாவது! அரிசிதான் கண்முன் நின்றது. வரமாட்டேன் என்ற அண்ணனை நச்சரித்து இழுத்துப்போனவன் நான். இருவரும் துறைமுகத்தில் கிராணிகள். பேனா பிடித்துப் பிழைத்தவர்கள்.

உள்ளே வெறுங்கால் கூலிவேலைக்காரர்கள்தான் அதிகம். சன்னல்களைப் பலகை வைத்து அடித்திருந்தார்கள். புழுக்கம் தாங்கவில்லை. சுவர் நெடுகப் படங்கள்: புகை கக்கும் மலை, சாம்பலில் மூழ்கிய ஊர், அதே ஊர் மறுபடி எழுந்து நிற்கும் காட்சி.

“எல்லாரும் சேர்ந்து உழைச்சாங்க, ஊரு எழும்பிருச்சு,” என்று தமிழ் மொழிபெயர்ப்பாளர் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்தார்.

மூலையில், சாம்பலிலிருந்து தோண்டியெடுத்த ஒரு சின்ன மரக்கோயில். முன்னால் ஊதுபத்தி புகைந்தது. அதைக் கண்டதும் அண்ணன் சப்பாத்தைக் கழற்றினார்.

“சாமி இருக்கிற இடம் தம்பி, நீயும் கழட்டு.”

“அது நம்ம சாமி இல்லலா, அண்ணே.”

நான் கழற்றவில்லை. பக்தி இல்லை, சோம்பல் இருந்தது.

அவர் கும்பிட்டுக் கண் திறப்பதற்குள் விசில் ஒலித்தது. கதவுகளை மூடினார்கள். துப்பாக்கிச் சிப்பாய்கள் எங்களை ஆட்டு மந்தை போல நடுவே நெருக்கித் தள்ளினார்கள்.

“சப்பாத்து போட்டவங்க இந்தப் பக்கம்,” என்றார் மொழிபெயர்ப்பாளர். “வெறுங்காலு அந்தப் பக்கம். வெறுங்காலுங்க சயாமுக்குப் போறீங்க, ரயில் ரோடு போட.”

அண்ணனை அந்தப் பக்கம் தள்ளினார்கள். “நான் கிராணிலா! கிராணி!” என்று கத்தினார். மொழிபெயர்ப்பாளர் குனிந்து அவர் காலைப் பார்த்துவிட்டு நகர்ந்தார்.

சப்பாத்து எனக்கு நாலு எட்டுத் தூரத்தில் கிடந்தது. ஓடிப்போய் எடுத்து எறிந்திருக்கலாம். என் காலில் இருந்ததைக்கூடக் கழற்றிக் கொடுத்திருக்கலாம்; எங்கள் இருவருக்கும் ஒரே அளவு. அசைந்தால் சிப்பாய் என்னையும் அந்தப் பக்கம் தள்ளிவிடுவான் என்று பயந்து நின்றேன். அண்ணன் என் காலைப் பார்த்தார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார். இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவே இல்லை.

பின்வாசலில் அரிசியை நீட்டினார்கள். வாங்கிக்கொண்டேன். வீட்டில் உண்மையைச் சொல்லத் துணிவில்லை. அவசர வேலை, அண்ணன் வரத் தாமதமாகும் என்றேன்.

அண்ணி அந்த அரிசியை வடித்து, முதலில் அண்ணனுக்கு எடுத்து மூடிவைத்துவிட்டு எனக்குப் பரிமாறினார்.