மூன்று டேப்லெட்டிலும் வளைந்த கோடு

இன்று காலை கிராஸ்கட் ரோட்டில் ஒரு கடைக்கு டேப்லெட் வாங்கப் போனேன். வீட்டில் செய்தித்தாள் படிக்கவும் குறுக்கெழுத்து போடவும்தான்.

"பேரனுக்குங்களாம்மா?" என்றாள் விற்பனைப் பெண்.

"எனக்குத்தான்" என்றேன்.

மூன்றை வரிசையாக வைத்து, மூன்றிலும் ஒரே குறுக்கெழுத்துக் கட்டத்தைத் திறக்கச் சொன்னேன். முதலாவதில் நடுக்கோடு வளைந்திருந்தது. கான்வென்ட்டில் ஒரு கோடு கோணினால் பக்கம் முழுவதையும் திரும்ப எழுதியவள் நான். அதை ஒதுக்கினேன். விலை கூடிய மற்ற இரண்டிலும் அதே வளைவு.

"ஏன் அம்மணி, பழுதான பீஸைத்தான் வெளியில வெச்சிருக்கறீங்களா?"

"நேராத்தானுங்கம்மா இருக்குது. இந்தாங்க, ஸ்கேல வெச்சே பாருங்க."

ஸ்கேலும் வளைந்திருந்தது.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டேன். வலது கண்ணைக் கையால் மூடினேன். கோடுகள் நேராயின. இடது கண்ணை மூடினேன். நடுவில் மறுபடி அலை.

"என்னாச்சுங்கம்மா? தண்ணி தரட்டுங்களா?"

"கலர் பிடிக்கல" என்று சொல்லி எழுந்து வந்துவிட்டேன். அந்தப் பெண்ணிடம் மன்னிப்பு கேட்டிருக்க வேண்டும்.

கண் மருத்துவமனையில் நாளை பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். "கூட ஒருத்தர கூட்டிட்டு வந்துருங்க" என்றார்கள் போனில். என் கணவர் இருந்தவரை நான் யாரையும் கூப்பிட வேண்டியிருந்ததில்லை.

இதைப் படிப்பவர்களில் ஆர்.எஸ்.புரம் பக்கம் இருப்பவர்கள் யாராவது நாளை ஒன்பதரைக்கு வர முடியுமா? துணைக்கு அல்ல. டாக்டர் சொல்வதை இன்னொரு காதும் கேட்கட்டும் என்றுதான்.