இன்னும் அரைச்சுற்று

என் காக்கிச் சட்டையை மற்ற துணிகளோடு சேர்த்து ஊறவைக்க என் மனைவி இன்றுவரை சம்மதித்ததில்லை. டிராக்டர் ஹைட்ராலிக் ஆயிலின் வாடை அப்படி. ராஜபாளையத்து டிராக்டர் ஒர்க்ஷாப்பில் எனக்கு இப்போது சூப்பர்வைசர் என்று பெயர். ஆனாலும் பழைய வண்டியில் வால்வைத் திறக்க வேண்டுமென்றால் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். இன்று காலையும் அப்படித்தான். சூடான ஆயில் மூக்கில் ஏறியதும் மனசு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறிவிட்டது. உடம்பு மட்டும் இங்கே முனகிக்கொண்டு குனிந்திருந்தது.

மடவார் வளாகம் பக்கம் ஒரு தகரக் கொட்டகை. அங்கேதான் நான் முதலில் வேலைக்குச் சேர்ந்தேன். சின்ன டிராக்டர்கள் தென்னந்தோப்புகளுக்குள் நுழையத் தொடங்கியிருந்த சமயம். டிராக்டரின் பின்னால் கலப்பையைத் தூக்கி இறக்க ஒரு லிப்ட் இருக்கும், பார்த்திருப்பீர்கள். தூக்குவது ஆயிலின் அழுத்தம். கனம் அளவு மீறினால் ரிலீப் வால்வு திறந்து, கீச்சென்று கத்தி, ஆயிலைத் திருப்பி விட்டுவிடும். அந்த வால்வில் ஒரு திருகு உண்டு. முறுக்கினால் அழுத்தம் கூடும். முறுக்க யாருக்கும் தெரியும், நிறுத்துவதில்தான் எல்லாச் சண்டையும்.

நாங்கள் கேஜ் மாட்டித்தான் அழுத்தம் பார்ப்போம். ஆனால் வண்டிக்காரர் ஒருவர்கூட கேஜ் முள்ளை நம்பமாட்டார். எதிர்த்த டீக்கடையில் இருப்பவர்களை லிப்டில் ஏற்றித் தூக்கிக் காட்டினால்தான் திருப்தி. அவர்களும் பாதி கிளாஸோடு வந்து ஏறுவார்கள். ஒருவர் சப்பரத்துச் சாமி மாதிரி மேலிருந்து எல்லாருக்கும் ஆசி வழங்குவார். கிளாஸ் திரும்பி வரவில்லை என்று டீக்கடைக்காரர் எங்களைத்தான் ஏசுவார்.

அப்படி ஒரு நாள் வ. புதுப்பட்டியிலிருந்து முத்தையா அண்ணாச்சியும் அவர் மனைவி புஷ்பம் அக்காவும் வந்தார்கள். வண்டியை ஓட்டி வந்தது அக்கா. அண்ணாச்சிக்குக் குடலிறக்க ஆபரேஷன் முடிந்திருந்தது, கனம் தூக்கக் கூடாது. அவர்கள் தோப்புக்குள் டிரெய்லர் போகாது. அதனால் லிப்டில் ஓர் இரும்புக் கூடையை மாட்டி, உரிக்காத தேங்காயை அதில் ரோட்டுக்குக் கொண்டு வந்தார்கள். கூடை நிறைந்தால் லிப்ட் எழவில்லை.

“இது தூக்கலன்னா இவிய தூக்குவாவ தம்பி. அதான் பயமா இருக்கு” என்றாள் அக்கா.

பில்டரைக் கழுவி, ஆயில் ஊற்றி, கேஜ் மாட்டிப் பார்த்தேன். திருகு தளர்ந்திருந்தது. கம்பெனி சொன்ன அளவுக்குக் கொண்டுவந்து நிறுத்தினேன். டீக்கடை ஆட்கள் ஜம்மென்று மேலே போனார்கள். அண்ணாச்சிக்குப் போதவில்லை.

“இன்னும் அரைச் சுத்து முறுக்குலே. இன்னுங் கொஞ்சம் காய் ஏறும்லா.”

“அதுக்கு மேல போனா ஆயில் ஓஸ் வெடிச்சிரும், இல்ல பம்பு ஒடஞ்சிரும் அண்ணாச்சி. கத்துச்சுன்னா காயைக் கொறைங்க.”

“நீயும் எம் பொண்டாட்டி மாதிரியே பேசுத” என்றார். அக்கா சிரித்துவிட்டாள்.

அடுத்த காய்வெட்டின்போது அக்கா மட்டும் பஸ்ஸில் வந்தாள். வால்வு கத்தும்போதெல்லாம் நான் சொன்னபடி அவள் காயை இறக்கியிருக்கிறாள். இறக்கிய காயை அண்ணாச்சி சாக்கில் கட்டி, தலையில் வைத்துக்கொண்டு, ‘லாரி நிக்குது, வெரசா வாட்டி’ என்று வண்டிக்கு முன்னால் நடந்திருக்கிறார்.

“மிசினு தாங்கலன்னா கத்துது தம்பி. இவிய கத்த மாட்டேங்காவ. தோப்புக்கு வந்து அந்த அரைச் சுத்த வச்சுக் குடுத்திரு.”

நான் மாட்டேன் என்றேன். அந்த ஞாயிற்றுக்கிழமையே தோப்புக்குப் போய் அண்ணாச்சியிடம் கெஞ்சினேன், சண்டையும் போட்டேன். “சரிலே, சரிலே” என்று இளநீர் வெட்டிக் கொடுத்து அனுப்பினார். அதற்கடுத்த வெட்டில், சாக்கை இறக்கி வைத்து வரப்பில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

முறுக்கிக் கொடுத்திருந்தால் பம்பு உடைந்திருக்கும், கூடைக் காய் முழுவதையும் அவரே சுமந்திருப்பார். இது எனக்கு நன்றாகத் தெரியும். இருந்தாலும் வால்வுத் திருகில் ஸ்பேனரை வைக்கும்போதெல்லாம் ஒரு தடவை எடுத்துவிட்டு மறுபடி வைக்கிறேன். துக்கம்தான், வேறென்ன.

கொட்டகை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. டீக்கடையும் போய்விட்டது. புது வண்டிகளில் வால்வுக்கு சீல் வைத்தே அனுப்புகிறார்கள். லிப்டில் ஆள் ஏறக் கூடாது என்று எங்கள் சுவரில் போர்டு தொங்குகிறது. நல்ல விதிதான். அன்றைக்கு யாரும் விழாமல் போனது அவரவர் குலசாமி புண்ணியம்.

புஷ்பம் அக்கா அதே வண்டியைத்தான் இன்னும் ஓட்டுகிறாள். போன தடவை சர்வீஸுக்கு வந்தபோது, “காய் எல்லாம் ஏறுதாக்கா?” என்று கேட்டேன்.

“பாதிப் பாதியாத்தான் ஏத்துதேன் தம்பி. நட கூடத்தான் ஆகுது. ஆகட்டும், வெரட்டுறதுக்கு இப்ப ஆரு இருக்கா?”