இபு பார்ஜியும் சிவப்பு பெயின்ட் டப்பாவும்

செமாராங்கில் எங்கள் தெருவுக்குத் தலைவர் தேர்ந்தெடுக்கக் கூட்டம் போட்டபோது எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். இபு பார்ஜி மட்டும் நிமிர்ந்து கொட்டாவி விட்டாள். அவளையே தலைவியாக்கிவிட்டோம். ஏழு வருஷமாகிறது. காலையில் பெசெல் விற்பாள். வெந்த கீரையும் அதன் மேல் காரமான கடலைச் சட்னியும். தெரு முத்திரை கடலை டப்பாவுக்குள்தான் கிடக்கும். அவள் முத்திரை வைத்த காகிதமெல்லாம் பூண்டு மணக்கும். அரசாங்கம் இதுவரை ஆட்சேபித்ததில்லை.

ஒரு சனிக்கிழமை பாக் ஹென்ட்ரோ அவளிடம் வந்தார். தெருமுனை மாடி வீட்டுக்காரர், கப்பல் கம்பெனி மேனேஜர். எங்கள் ஊரில் ஆணுக்கு 'பாக்', பெண்ணுக்கு 'இபு' என்பது மரியாதை.

"இபு, ஒரு வறுமைச் சான்று வேணும்."

"யாருக்கு பாக்? உங்க வீட்டு சமையக்காரம்மாவுக்கா?"

"எனக்குத்தான். பையன அந்த அரசாங்க மேல்நிலைப் பள்ளியில சேக்கணும். ஏழைங்க ஒதுக்கீட்டுல போட்டா சுலபமா கிடைச்சிரும்."

பார்ஜி அம்மியில் அரைப்பதை நிறுத்தினாள். "நீங்க ஏழையா?"

"மாசம் நாப்பத்தஞ்சு மில்லியன் ரூபியா சம்பளம்னு பேருதான் இபு. ரெண்டு கார் தவணை, ஜகார்த்தா ஃப்ளாட் தவணை, பையனுக்கு நீச்சல், பொண்ணுக்கு பியானோ. இருபதாம் தேதிக்கு மேல கையில ஒண்ணும் நிக்கல. இந்த வருஷம் ஜப்பான் போறதையே தள்ளிப் போட்டுட்டோம். எங்க கஷ்டம் யாருக்குத் தெரியுது?"

"ஐயோ பாவம். ஜப்பான்கூட போகலையா?"

ஒன்றை நேராகச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பள்ளியில் ஏழைப் பிள்ளைகளுக்கு இருபது இடம். பட்டியல் செல்போனிலேயே தெரியும். இருபதாவது பெயர் வெனிங், துணி வெளுக்கும் ருகினாவின் மகள். ருகினாவுக்கு மாதம் ஒன்றரை மில்லியன் வரும், அதுவும் மழை பெய்யாத மாதத்தில். கடல் தண்ணீர் வீட்டுக்குள் ஏறும் நாட்களில் வெனிங் கட்டில் மேல் உட்கார்ந்து படித்தவள். டியூஷன் போன ஹென்ட்ரோ மகனுக்கு அவளைவிட இரண்டு மார்க் அதிகம். திங்கட்கிழமைக்குள் அவன் பெயர் ஏறினால் இவள் விழுவாள். விழுந்தால் தையல் ஆலைதான்.

மறுத்தும் பயனில்லை. ஹென்ட்ரோவின் மைத்துனன் வார்டு ஆபீசில் இருக்கிறான், வேறு தெரு முத்திரையில் வாங்கிக் கொடுத்துவிடுவான். பார்ஜி கையைத் துடைத்துக்கொண்டு முத்திரையை எடுத்தாள்.

"தெரு விதி ஞாபகம் இருக்கில்ல பாக்? சான்று வாங்குற வீட்டு முன்சுவத்துல 'ஏழைக் குடும்பம்'னு எழுதணும். அந்த வார அரிசியும் அவங்களுக்குத்தான்."

ஹென்ட்ரோ போனைத் தடவிக்கொண்டே தலையாட்டினார். "சரி சரி. விதின்னா விதிதான்."

வேடிக்கை என்னவென்றால் அந்த விதியைக் கொண்டுவந்தவரே அவர்தான். "போலி ஏழைங்க பெருகிட்டாங்க, சுவத்துல எழுதினாத்தான் வெக்கப்படுவாங்க" என்று இரண்டு வருஷத்துக்கு முன் கூட்டத்தில் முழங்கினார். சிவப்பு பெயின்ட் ஒரு டப்பாவும் நன்கொடை கொடுத்தார். ருகினா வீட்டுச் சுவரில் முதலில் ஏறியது அந்த பெயின்ட்தான். அன்றைக்கு வெனிங் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று அழுதாள்.

மறுநாள் ஞாயிறு. ஹென்ட்ரோ ஆபீஸ் நண்பர்களோடு சைக்கிள் ஓட்டப் போயிருந்தார். அந்தச் சைக்கிள் விலைக்கு இரண்டு மோட்டார் சைக்கிள் வாங்கலாம். அவர் மனைவி சர்ச்சுக்குப் போயிருந்தாள். பார்ஜி எழுத்து வெட்டிய அட்டையை அவர்கள் வீட்டு முன்சுவரில் வைத்துப் பிடித்தாள். வெனிங் பிரஷ்ஷை எடுத்தாள்.

"கோணாம எழுதுடி. பெரிய எடத்து ஏழை."

எங்கள் தெருவில் வாசலுக்கு வாசல் ஒரு சின்ன டின் தொங்கும். தினம் ஒரு கைப்பிடி அரிசி போடுவோம். வாரக் கடைசியில் சேர்ந்தது, அந்த வாரம் யாருக்கு அதிகக் கஷ்டமோ அவர்களுக்கு. அந்த அரிசிப் பானையைத் தலையில் வைத்துக்கொண்டு பார்ஜி முன்னே நடந்தாள். பின்னால் தெருவே போனது. ஒருத்தி கையில் வாத்து முட்டை, ஒருத்தி கையில் நூடுல்ஸ் பொட்டலம். ருகினா இஸ்திரி போட்ட பழைய சட்டை இரண்டு எடுத்து வந்தாள். யாரோ வாளியைத் தட்டித் தாளம் போட்டார்கள்.

அந்த நேரம் பார்த்து ஆறு சைக்கிள்கள் வந்து நின்றன. இறுக்கிப் பிடித்த பளபள உடுப்பில் ஆறு பேர். நடுவில் ஹென்ட்ரோ. எல்லோரும் சுவரைப் படித்தார்கள்.

காவல்காரர் சார்வின் உண்மையிலேயே நம்பிவிட்டார். ஓடிப்போய் ஹென்ட்ரோவின் கையைப் பிடித்துக்கொண்டார். "வேலை போயிருச்சா பாக்? மனச விடாதீங்க. சைக்கிள மட்டும் வித்துராதீங்க, கூலி வேலைக்குப் போக உதவும்."

நண்பர்களில் ஒருவர் மெல்லக் கேட்டார், "ஏம்ப்பா, போன வாரந்தானே ஆஸ்திரேலிய மாட்டுக்கறி வாங்கிப் போட்ட?"

இன்னொருவர் பார்ஜியிடம் குனிந்தார். "இபு, இந்தச் சான்று எங்களுக்கும் கிடைக்குமா?"

"கிடைக்கும். பெயின்ட் நிறைய மிச்சமிருக்கு."

தெரு வெடித்துச் சிரித்தது. நானும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சாக்கடைத் திட்டில் உட்கார்ந்துவிட்டேன். ஹென்ட்ரோ முகம் சுவர் எழுத்தின் நிறத்துக்கு வந்தது.

"அழிங்க இபு! உடனே அழிங்க!"

"அழிக்கலாம் பாக். சான்றைக் கொடுங்க. ஏழை இல்லேன்னா எழுத்து எதுக்கு?"

உள்ளே ஓடிப்போய்க் கொண்டுவந்து கொடுத்தார். பார்ஜி அதை எல்லோர் கண்முன்னும் நாலாகக் கிழித்தாள். கீழே போடவில்லை, இடுப்பில் செருகிக்கொண்டாள். திங்கட்கிழமை காலை அந்தக் காகிதத்தில் மிளகாய் மடித்து விற்றாள்.

அன்று மாலை பட்டியல் முடிந்தது. இருபதாவது பெயர் வெனிங். ருகினா துவைத்த துணியைக் கொடியில் போடாமலே தெருவில் ஓடி வந்தாள். அரிசிப் பானையும் அவள் வீட்டுக்கே போனது.

ஹென்ட்ரோ மகன் மதிப்பெண் பட்டியலில் போட்டி போட்டு வேறொரு அரசாங்கப் பள்ளியில் சேர்ந்தான். நல்ல பையன்தான், அவனுக்கு ஒரு குறையுமில்லை.

சுவர்தான் அடம்பிடித்தது. எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. செவ்வாய்க்கிழமை ஹென்ட்ரோ பெசெல் கடைக்கு வந்து குரலைத் தாழ்த்தினார்.

"சுவரு முழுக்க மறுபடி அடிக்கணுமாம் இபு. ரெண்டு மில்லியன் கேக்குறான். இந்த மாசமும் கையில ஒண்ணும் நிக்காது."

"ஒசத்தி பெயின்டா பாத்து வாங்கித் தந்திருக்கீங்களே பாக்," என்று பார்ஜி அவருக்கு ஒரு இலை பெசெல் நீட்டினாள். "ருகினா வீட்டுச் சுவரையும் சேத்து அடிக்கச் சொல்லுங்க. ஒரே ஆளு, ஒரே கூலி."

அவர் கண்ணையும் மூக்கையும் துடைத்துக்கொண்டே சாப்பிட்டு முடித்தார். காரம் அதிகம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை இரண்டு சுவரும் வெள்ளையாகிவிட்டன.