கொறற்றி மிஸ் வாங்கிய லெப்டொப்

கடைக்குள் கால் வைத்ததும் மரியகொறற்றி செய்கிற முதல் வேலை, மேசையில் திறந்து வைத்திருக்கும் மடிக்கணினியின் வயரைச் சுவரிலிருந்து கழற்றுவதுதான். விலை கேட்பதில்லை. எந்த நாட்டுச் சாமான் என்று கேட்பதில்லை. கழற்றிய வயரைச் சுருட்டிக் கடைக்காரரின் கையில் கொடுத்துவிட்டு, "இப்ப போடுங்க பாப்போம்" என்கிறார்.

திரை எரிந்ததும் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்காருகிறார். கைப்பையிலிருந்து செபமாலையை எடுக்கிறார். ஒவ்வொரு மணிக்கும் ஓர் அருள்நிறைந்த மந்திரம், ஒவ்வொரு மந்திரத்துக்கும் விசைப்பலகையில் ஒரு தட்டு. தட்டாவிட்டால் திரை கண்ணயர்ந்துவிடும். செபமாலை முழுவதும் சொல்லி முடிந்த பிறகும் இயந்திரம் விழித்திருந்தால்தான் மற்றப் பேச்சு. மின்கலத்தைச் சோதிக்க அவருக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். அதில் பிழை பிடிக்க என்னால் முடியவில்லை.

கண்டி நகரில் நாங்கள் ஏறிய முதல் கடையில் இளைஞன் ஒருவன் பொறுமை இழந்துவிட்டான். "மிஸ், இது கடையா, சேர்ச்சா?" என்று கேட்டான். மரியகொறற்றி கண்ணைத் திறக்கவில்லை. "ரெண்டும் இல்ல தம்பி, செக்பொயின்ட்" என்றார். அவனுக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது.

மரியகொறற்றிக்கு நாற்பது தாண்டியிருக்கும். கட்டுகஸ்தோட்டையில் ஆற்றுப் பக்கம் இறங்கும் ஒழுங்கையில் தாய் மதலேனாவுடன் இருக்கிறார். நான் அடுத்த வீட்டு மேல்மாடியில் வாடகைக்கு இருக்கும் யாழ்ப்பாணத்து அரச ஊழியன். அவர் ஆசிரியை இல்லை. ஆனாலும் ஒழுங்கை முழுவதும் அவரை 'கொறற்றி மிஸ்' என்றுதான் கூப்பிடுகிறது. பூசைத் தாள், கல்யாண அழைப்பிதழ், துணிக்கடை விளம்பரம், ஹுன்னஸ்கிரியப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சை வினாத்தாள் என்று இந்தப் பகுதியில் அச்சுக்குப் போகிற தமிழில் பாதி அவர் விரல் வழியாகப் போகிறது. அதைப் பற்றி அவருக்கு இருக்கும் பெருமை கொஞ்சநஞ்சமல்ல. கல்யாண வீட்டுக்குப் போனால் மணப்பெண்ணைப் பார்ப்பதற்கு முன் அழைப்பிதழைப் பார்ப்பார். வேறு யாரோ தட்டெழுதிய அழைப்பிதழில் ஓர் ஒற்று விட்டுப்போயிருந்தால் அன்றைக்கு அவருக்குக் கேக் இறங்காது.

இத்தனைக்கும் அவரிடம் சொந்தமாக ஓர் இயந்திரம் இருந்ததில்லை. தகப்பன் யாகப்பர் நாவலப்பிட்டியில் ஒரு சின்னக் கடையில் தமிழ்த் தட்டெழுத்துப் பொறி வைத்திருந்தார். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் கடையும் பொறியும் சேர்ந்து எரிந்தன. அப்போது மரியகொறற்றி பள்ளிக்கூடப் பிள்ளை. அதற்குப் பிறகு கோயில் கணினி, அச்சகத்துக் கணினி, தொலைபேசிக் கடைக் கணினி என்று ஊரார் இயந்திரங்களிலேயே வாழ்க்கை ஓடிவிட்டது. "இந்த ஊர்ல என் வெரல் படாத மெசின் இல்ல சேர். ஆனா ஒன்னுகூட என்னுது இல்ல" என்று ஒருநாள் சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், ஆனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போன வருடம் வினாத்தாள் வேலைக்காகக் கோயில் மடிக்கணினியை இரவல் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினார். கண்டிக்குள் நுழையும் வழியில் சோதனைச் சாவடி. வழக்கம்போல எல்லோரும் பையோடு இறங்கினார்கள். சிப்பாய் பையைத் திறந்து பார்த்தான். அடையாள அட்டையில் பெயரைப் பார்த்தான். "ஒன் கரன்ன" என்று போட்டுக் காட்டச் சொன்னான். மரியகொறற்றி பொத்தானை அழுத்தினார். ஒன்றும் எரியவில்லை. மறுபடியும் அழுத்தினார். அந்த இயந்திரத்தின் மின்கலம் எப்போதோ செத்துப்போயிருந்தது. சுவரில் வயரைச் செருகினால் மட்டும்தான் அது பேசும். வடக்கில் சண்டை உச்சத்துக்கு ஏறிக்கொண்டிருந்த நேரம். தமிழ்ப் பெயர்க்காரி ஒருத்தியின் பையில் எரியாத பெட்டி ஒன்று இருந்தால் அவர்கள் என்ன நினைப்பார்கள் என்று சொல்லவேண்டியதில்லை.

பஸ் அவரை விட்டுவிட்டுப் போய்விட்டது. மண்மூட்டைகளுக்குப் பக்கத்தில் அவரை உட்காரவைத்தார்கள். எதிர்ப்பக்கத்து முடிவெட்டும் கடையிலிருந்து மின்சாரம் எடுத்து இயந்திரத்தை எழுப்பும்வரை அங்கேதான் இருந்தார். எழுந்த திரையில் ஐந்தாம் வகுப்புச் சுற்றாடல் வினாத்தாள் இருந்தது. பெரிய அதிகாரி ஒருவர் வந்து ஒவ்வொரு கேள்வியையும் சிங்களத்தில் சொல்லச் சொல்லிக் கேட்டு, கடைசியில் கொஞ்சம் வெட்கப்பட்டவராக அனுப்பிவைத்தாராம்.

"பயமா இருந்திச்சா?" என்று கேட்டேன்.

"பயத்த விடுங்க சேர். பஸ்ஸு பஸ்ஸா நம்ம சனம் போகுது. கோயில்ல எனக்குப் பக்கத்துல முழங்கால்ல நிக்கிற மொகமெல்லாம் என்னையப் பாத்துட்டு அந்தப் பக்கம் திரும்பிருச்சு. நான் என்னமோ செஞ்சவ மாதிரி."



அன்றைக்கு வினாத்தாள் போய்ச் சேரவில்லை. பரீட்சை தள்ளிப்போனது. தோட்டப் பாடசாலை அதிபர் வீரய்யா நல்ல மனிதர்தான், ஆனால் அவருக்கும் மேலே ஆட்கள் இருக்கிறார்கள். "சொந்தமா ஒரு மெசினோட இங்கேயே வந்து அடிச்சுக் குடுக்க முடியும்னா அடுத்த தவணையும் உங்களுக்குத்தான் மிஸ். இல்லன்னா அச்சகத்துக்குக் குடுக்கச் சொல்றாங்க" என்று சொல்லிவிட்டார். அந்த வேலை போனால் வீட்டில் பாதி அடுப்பு அணைந்துவிடும். அதைவிட, தோட்டத்துப் பிள்ளைகளின் கேள்விகளை வேறு யாரோ பிழையோடு தட்டெழுதுவார்கள் என்பதை அவரால் தாங்கவே முடியாது.

இப்படித்தான் சீட்டு விழுந்த ஒரு சனிக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு கடை ஏறினார். துணைக்கு ஓர் ஆண்பிள்ளை நின்றால் கடைக்காரன் விலையைக் கூட்டிச் சொல்லமாட்டான் என்பது அவருடைய நம்பிக்கை. என்னுடைய தோற்றத்தைப் பார்த்து யாரும் விலையைக் குறைத்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. இருந்தாலும் போனேன்.

மூன்றாவதாக ஏறியது முஹ்ஸின் என்பவரின் கடை. படியேறிப் போகிற சின்ன இடம். வாசலிலேயே வெள்ளி நிறத்தில் மெல்லியதாக ஒன்று இருந்தது. எனக்கு அதில் கண் விழுந்துவிட்டது.

"இது நல்ல வடிவா இருக்கு. விலையும் பரவாயில்லை" என்றேன்.

"வடிவா இருக்கலாம் சேர். கூப்பிட்டா எந்திரிக்கணுமே. எனக்குப் படம் பாக்க வேணாம், பாட்டுக் கேக்க வேணாம். தமிழ் அடிக்கணும், ரோட்டுல மானத்த வாங்காம இருக்கணும். அவ்வளவுதான்."

வயரைக் கழற்றினார். செபமாலை தொடங்கியது. முஹ்ஸின் ஒரு நொடி பார்த்தார், பிறகு எழுந்துபோய் வானொலியை நிறுத்தினார். செபமாலையின் மூன்றாவது பத்து மணி, மூன்றாவது தேவரகசியம், பாதியில் இருக்கும்போது வெள்ளி அழகி கண்ணை மூடிவிட்டது. மரியகொறற்றி என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"அது பெட்டரிக்கு நான் வாக்குத் தார ஏலா மிஸ்" என்றார் முஹ்ஸின். "ஒங்களுக்கு வழியில தொறந்து காட்டத்தானே? எனக்குச் சொல்ல வாணா. கொழும்புக்குப் போய் நான்தான் சாமான் எடுத்து வாறது. எத்தின எடத்துல தொறந்து காட்டியிருப்பேன்." உள்ளே போய்ப் பின்தட்டிலிருந்து ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். கறுப்பு. தடிப்பு. அம்மிக்கல் கனம். "இது பாவிச்ச சாமான். மூலையில கீறல் ஈக்கி, பாருங்க. ஒளிக்கல்ல. ஆனா பெட்டரி புதுசு. மாத்தினது நான்தான்."

மறுபடியும் முதல் மணியிலிருந்து தொடங்கினார். இரண்டாவது தேவரகசியம் நடக்கையில் பள்ளிவாசலில் மதிய லுஹர் தொழுகைக்குப் பாங்கு கேட்டது. முஹ்ஸின் தொப்பியை எடுத்துக்கொண்டு, "கடையப் பாத்துக்கோங்க, வந்திர்றேன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார். இரண்டு அந்நியரிடம் கடையை விட்டுவிட்டுப் போகிற அளவுக்கு அந்த மனிதருக்கு எங்கள்மேல் எங்கிருந்து நம்பிக்கை வந்ததோ தெரியாது. அந்தக் காலத்தில், அந்த ஊரில், அது சின்ன விஷயமில்லை. மரியகொறற்றி செபமாலையை முடித்தார். அதற்குப் பிறகு மன்றாட்டுமாலையையும் சொன்னார். தட்டு, தட்டு, தட்டு.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. முஹ்ஸின் வாசலில் நின்றபடியே தாழ்ந்த குரலில் கேட்டார்.

"எரியுதா?"

"எரியுது, நானா" என்று அண்ணன் முறை வைத்துச் சொன்னார் மரியகொறற்றி.

இருவர் முகமும் ஒரே மாதிரி மலர்ந்தது.

பிறகுதான் விலை. சீட்டுக் காசுக்குள் அடங்கியது. ஒரு பை இலவசமாகக் கேட்டு, ஒரு முறை எழுந்து போவதுபோல நடித்து, அதையும் வாங்கிக்கொண்டார். தமிழ் எழுத்துரு இருக்கும் குறுந்தட்டைப் பூசைப் புத்தக உறைக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தார். அங்கேயே அதை ஏற்றச் சொல்லி, ஒரு பக்கம் வேகமாகத் தட்டிப் பார்த்தார். எந்த விசையும் ஏமாற்றவில்லை. இயந்திரத்துக்கு மேலே போடுவதற்கு ஒரு பூப்பின்னல் துணியைத் தாய் மதலேனா முந்தின கிழமையே பின்னி முடித்திருந்தது எனக்குப் பிறகுதான் தெரியும்.

திங்கட்கிழமை காலை அவர் ஹுன்னஸ்கிரியவுக்குப் புறப்பட்டார். கண்டி வரை நானும் அதே பஸ். அதே சோதனைச் சாவடியில் இறங்கினோம். வரிசையில் ஒழுங்கைச் சனம், கோயில் சனம், கடைக்குப் போகிற சனம். மரியகொறற்றி எனக்கு முன்னால் நின்றார். சேலையில் ஒரு மடிப்புக்கூடக் கலையவில்லை, ஆனால் பையைப் பிடித்திருந்த விரல்கள் வெளிறியிருந்தன.

சிப்பாய் புதியவன். அட்டையைப் பார்த்தான். பையை வெளியிலிருந்தே தடவிப் பார்த்தான். "லெப்டொப்?" என்றான். பிறகு சலிப்போடு கையை அசைத்தான். "ஹரி, யன்ன."

போகச் சொல்லிவிட்டான். எனக்கு மூச்சு வந்தது. மரியகொறற்றி போகவில்லை.

"பொட்டக் இன்ன மாத்தயா" என்றார். கொஞ்சம் பொறுக்கச் சொல்கிறார், சிப்பாயைப் பார்த்து! எனக்குப் பின்னால் நின்றவர் 'அடக் கடவுளே' என்று முணுமுணுத்தார். மரியகொறற்றி மேசையில் பையை வைத்தார். பூப்பின்னல் துணியை நாலாக மடித்து ஓரமாக வைத்தார். மூடியைத் திறந்து பொத்தானை அழுத்தினார். உதடு அசைந்தது, ஒரு பரலோக மந்திரம் முடியுமுன் கறுப்புத் திரை நீலமானது. நீலத்தில் தமிழ் எழுத்து வந்தது.

இரண்டு கையாலும் பிடித்துச் சிப்பாயின் பக்கம் அதைத் திருப்பினார். அவன் குனிந்து பார்த்தான், அவர் முகத்தையும் பார்த்தான், "ஹொந்தய், ஹொந்தய்", நல்லது நல்லது, என்று சிரித்துவிட்டான்.

அவர் மூடியை மூடவில்லை. எரிகிற திரையை அதே நிதானத்தோடு மறுபக்கம் திருப்பி, வரிசையில் நின்ற எங்கள் எல்லோருக்கும் தெரியும்படி சற்று உயர்த்திப் பிடித்தார்.