புண்ணை ஆற்றும் செருப்பு

எங்கள் கடைச் செருப்பு எந்தப் புண்ணையும் ஆற்றாது. எங்கே வேண்டுமானாலும் இதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவேன். செருப்பு செய்து பிழைக்கிற ஒருத்தி இப்படிச் சொல்ல வேண்டி வந்ததே அவமானம்தான். ஆனால் நான்கு மாத காலம் என் பெயரையும் என் படத்தையும் போட்டு இதற்கு நேர் எதிரானதை ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தது என்னுடைய வலைப்பதிவு. அந்தக் கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

மைசூரில் தேவராஜ மொஹல்லாவில், மார்க்கெட்டுக்குப் பின்பக்கத் தெருவில் எங்கள் கடை. சர்க்கரை நோயால் கால் மரத்துப்போனவர்களுக்கு மெத்தென்ற ரப்பர் அடி வைத்த செருப்பு செய்து தருகிறோம். காலை ஒரு காகிதத்தின் மேல் வைக்கச் சொல்லி நான் அளவு எடுப்பேன். என் கணவர் வெட்டி ஒட்டித் தைப்பார். கடை போடுவதற்கு முன்னால் பன்னிரண்டு வருடம் நான் ஒரு ஆஸ்பத்திரியில் இதே வேலையைச் செய்தேன். எத்தனையோ பேருடைய பாதங்களைக் கையில் ஏந்திப் பார்த்திருக்கிறேன். வலி தெரியாத கால் எவ்வளவு ஆபத்தானது என்பதை அங்கேதான் கற்றுக்கொண்டேன்.

கடை போட்ட முதல் வருடம் ஈ ஓட்டிக்கொண்டிருந்தோம். எங்கள் கடையைத் தேடி வருபவர்களை விட, பூ மார்க்கெட் எந்தப் பக்கம் என்று கேட்க வருபவர்கள்தான் அதிகம். விளம்பரம் கொடுக்க வசதி இல்லை. அப்போதுதான் வலைப்பதிவு தொடங்கினேன். நான் படித்தது கன்னடப் பள்ளிக்கூடம். தமிழ், ரயில்வே வேலைக்காக இங்கே வந்த அப்பா வீட்டில் சொல்லிக்கொடுத்தது. அதனால் ஒவ்வொன்றையும் இரண்டு மொழியிலும் எழுதினேன். மத்தியானம் ஆள் வராத நேரத்தில், கடை மேஜையிலேயே, போனில் ஒற்றை விரலால் தட்டித் தட்டி எழுதியவை அவை.

பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. குளிக்கும் வெந்நீர் சூட்டைக் காலால் பார்க்காதீர்கள், முழங்கையால் பாருங்கள் என்று எழுதினேன். ஒரு பள்ளிக்கூட டீச்சர் காலில் ஏறிய குண்டூசியோடு நாள் முழுக்க நின்று பாடம் நடத்திவிட்டு, சாயங்காலம் காலுறையைக் கழற்றும்போதுதான் ரத்தத்தைப் பார்த்தார், அதை எழுதினேன். மேல்கோட்டை மலைக்குப் போனால் உச்சி வெயிலில் வெறுங்காலோடு கல்லில் நடக்க வேண்டாம், காலையிலேயே தரிசனத்தை முடித்துவிடுங்கள் என்று எழுதினேன். எல்லாவற்றுக்கும் மேலே எப்போதும் நிற்கிற மாதிரி ஒரு பதிவு வைத்திருந்தேன். யார் எங்களிடம் வரக் கூடாது என்பதைப் பற்றியது அது. காலில் திறந்த புண் இருந்தால் முதலில் டாக்டரிடம் போங்கள், புண் ஆறிய பிறகு எங்களிடம் வாருங்கள், அதற்கு முன் வந்தால் திருப்பி அனுப்புவேன் என்று அதில் இருந்தது.

அதைப் படித்துவிட்டுத்தான் பலர் வந்தார்கள். "வராதேன்னு எழுதியிருக்கீங்களே, அதான் நம்பி வந்தேன்" என்று ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து வந்த ஒரு அம்மா சிரித்துக்கொண்டே சொன்னார். மெல்ல மெல்லக் கடை சொந்தக் காலில் நின்றுவிட்டது.

அதோடு விட்டிருக்கலாம். சிறு வியாபாரிகள் கூட்டம் ஒன்றுக்குப் போனேன். இணையத்தில் வியாபாரத்தை வளர்ப்பது பற்றி ஒருவர் பேசினார். முப்பத்தைந்து வயது இருக்கும், நல்ல பேச்சு. ரிங் ரோடு பக்கம் சொந்த நிறுவனம் வைத்திருந்தார். கூட்டம் முடிந்ததும் என்னைத் தேடி வந்து, என் வலைப்பதிவைப் போனில் திறந்துவைத்துக்கொண்டு பேசினார்.

"மேடம், கன்டென்ட் சூப்பரா இருக்கு. ஆனா தேடினா மூணாவது பக்கத்துல வருது. மூணாவது பக்கத்தை யார் பாக்கறாங்க? எங்க கையில குடுங்க. நீங்க நிம்மதியா செருப்பு தைங்க, எழுதற தலைவலி எங்களுக்கு."

எழுதுவது எனக்குத் தலைவலியாக இருந்ததே இல்லை. ஆனாலும் அந்த வார்த்தையில் விழுந்தேன். அந்தச் சமயம் என் கணவருக்குக் கண் ஆபரேஷன் முடிந்திருந்தது. வெட்டும் வேலையும் என் தலையில்தான். பாஸ்வேர்டை எழுதிக் கொடுத்தேன். அவர்கள் போட்ட முதல் இரண்டு பதிவுகளைப் படித்தேன். என் பழைய பதிவுகளையே கொஞ்சம் பளபளப்பாக்கியிருந்தார்கள். சரி, நன்றாகத்தான் செய்கிறார்கள் என்று விட்டுவிட்டேன். பிறகு பார்க்கவே இல்லை. இந்தக் கதையில் என் குற்றம் எது என்று கேட்டால் அதுதான்.

வேலை குவிந்தது. தினமும் போன். வலைப்பதிவில் ஆர்டர் கொடுக்கும் பொத்தான் ஒன்று வைத்திருந்தார்கள். கால் நம்பரை மட்டும் போட்டால் போதும், கூரியரில் போய்விடும். அளவு எடுக்காமல் எப்படி என்று கணவர் முணுமுணுத்தார். "எல்லாரும் மைசூருக்கு வர முடியுமா?" என்று நான்தான் அவர் வாயை அடைத்தேன்.

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஹனூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு பெரியவரும் அவர் மகளும் வந்தது ஒரு காலை பதினொரு மணிக்கு. இரண்டு பஸ் மாறி வந்திருந்தார்கள். செருப்புக் கடைக்குள்ளும் செருப்பை வெளியே கழற்றிவிட்டு நுழைந்தார் அவர். கழற்றியது எங்கள் கடைச் செருப்பு. இடது காலில் பழைய வேட்டித் துணியைச் சுற்றியிருந்தது. அவர் உட்கார்ந்ததுமே எனக்கு வாடை தெரிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு வருடம் இருந்தவளுக்கு அந்த வாடையை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

"ஏனுங்க அம்மிணி, இது உங்க கடைச் செருப்புதானுங்களே?" என்றார். "இருவத்தோரு நாளு விடாம போட்டனுங்க. வூட்டுக்குள்ளார கூடப் போட்டுட்டுத்தான் நடந்தேன். இன்னும் ஆறுலீங்க. நாங்க போடறதுல ஏதாச்சும் தப்பு பண்ணிப்போட்டமுங்களா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "யாருங்க இருபத்தொரு நாள்னு சொன்னது?"

மகள் போனை நீட்டினாள். என் வலைப்பதிவு. என் படம். நான் கடை வாசலில் நின்று சிரிக்கிற அதே படம். அதற்குக் கீழே கன்னடத்தில் கொட்டை எழுத்தில், 'மருந்து வேண்டாம், கட்டு வேண்டாம்: இருபத்தொரு நாளில் புண்ணை ஆற்றும் செருப்பு.' அதன் கீழே, காலை வெட்ட வேண்டும் என்று டாக்டர்கள் சொல்லியும் எங்கள் செருப்பைப் போட்டுத் தப்பித்த ஒரு விவசாயியின் வாக்குமூலம். புண்ணோடு ஒரு கால், புண் ஆறிய ஒரு கால் என்று இரண்டு படங்கள். அப்படி ஒரு விவசாயியை என் வாழ்நாளில் நான் பார்த்ததில்லை. கடைசியில், இதை எழுதியது என்று என் பெயர்.

"கட்டு மாத்தப் போறதை நிறுத்திட்டீங்களா?" என்று கேட்டேன்.

"நீங்கதானே வேண்டாம்னு எழுதியிருக்கீங்க" என்றாள் மகள். "தினமும் கொள்ளேகால் ஆஸ்பத்திரிக்குப் போய் வர அப்பாவுக்கு முடியல. இதைப் படிச்சதும் தெய்வமே வழி காட்டுச்சுன்னு நெனச்சோம்."

இதை நான் எழுதவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அந்தக் காலுக்கு முன்னால் அது எவ்வளவு கேவலமான பேச்சு!

துணியைப் பிரித்துப் பார்த்தேன். சுண்டு விரலும் பக்கத்து விரலும் கறுத்திருந்தன. கடையைக் கணவரிடம் விட்டுவிட்டு, ஆட்டோ பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அவர்களைக் கூட்டிப்போனேன். வழியெல்லாம் அவர் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டே வந்தார். "நீங்க வேலையப் போட்டுப்போட்டு வாரீங்களே" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். மகள் வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள்.

பார்த்த டாக்டர் சின்ன வயதுப் பெண். ஏன் இவ்வளவு நாள் விட்டீர்கள் என்று கன்னடத்தில் சத்தம் போட்டார். மகள் அவரிடமும் போனை நீட்டினாள். டாக்டர் படித்தார், படத்தைப் பார்த்தார், நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "இது நீங்கள்தானே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். போனை மகளிடம் கொடுத்துவிட்டுப் பெரியவர் பக்கம் திரும்பிக்கொண்டார். முகத்தில் அடித்திருந்தால் கூடத் தேவலை.

மறுநாள் இரண்டு விரல்களையும் எடுத்துவிட்டார்கள். பாதம் தப்பியது. இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் முழங்கால் வரை போயிருக்கும் என்றார்கள்.

அன்றே அந்த நிறுவனத்துக்குப் போனேன். கண்ணாடிக் கதவு, உள்ளே ஏசி, சுவரில் ஊக்கமூட்டும் வாசகங்கள். கூட்டத்தில் பேசிய அதே ஆள் சிரித்துக்கொண்டு வந்தார்.

"மேடம், அந்த போஸ்ட்தான் நம்ம டாப் போஸ்ட். பாத்தீங்களா?"

"அதனால ஒருத்தருக்கு ரெண்டு விரல் போச்சு."

சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. உட்காரச் சொன்னார். தண்ணீர் வரவழைத்தார். "அது ட்ரீட்மென்ட் கிளெய்ம் இல்ல மேடம். ஒரு ஃபீல். எல்லா கம்பெனியும் இப்படித்தான் எழுதறாங்க. படிக்கறவங்களுக்கும் தெரியுமில்ல?"

"ஹனூர்ல இருக்கறவருக்கு எப்படித் தெரியும்? அந்த விவசாயி யாரு?"

"சும்மா ஒரு கேரக்டர் மேடம். போட்டோ நெட்ல எடுத்தது."

"புண் இருந்தா வராதீங்கன்னு மேல வச்சிருந்தேனே, அது எங்க?"

"அதை முதல் மாசமே எடுத்துட்டோம். கடைக்கு வர்றவங்களை யாராவது துரத்துவாங்களா மேடம்?"

அவர் எழுதிய பொய்யை விட அழித்த உண்மைதான் என்னை அதிகம் சுட்டது. அந்த ஒரு பதிவு இருந்திருந்தால் அந்தப் பெண் படித்திருப்பாள். அப்பாவைக் கொள்ளேகாலுக்கே கூட்டிப்போயிருப்பாள்.

பாஸ்வேர்டைத் திருப்பிக் கேட்டேன். ஒப்பந்தப்படி ஒரு மாதம் முன்பே எழுதித் தர வேண்டும், அதுவரை முடியாது என்றார். என் பெயர், என் முகம், என் கடை. அதை அழிக்க இவர் அனுமதி எனக்கு வேண்டுமாம். அப்போது கதவைத் திறந்துகொண்டு புது வாடிக்கையாளர்கள் இரண்டு பேர் உள்ளே வந்தார்கள். நான் எழுந்து நின்றேன். போனைத் திறந்து அந்தக் கட்டுரையை முதல் வரியிலிருந்து சத்தமாகப் படித்தேன். ஒரு பத்தி படிப்பேன்; அந்தப் பெரியவரின் கால் எப்படி இருந்தது என்று சொல்வேன்; அடுத்த பத்தி படிப்பேன். எனக்குக் கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை. ஆனாலும் நிறுத்தவில்லை. மூன்றாவது பத்தி வருவதற்குள் ஒரு சீட்டில் பாஸ்வேர்டை எழுதி என் கையில் திணித்தார். வந்த இருவரும் உட்காரவே இல்லை.

கடைக்கு வந்து அவர்கள் போட்ட எல்லாவற்றையும் அழித்தேன். ஆர்டர் பொத்தானையும் எடுத்தேன். நடந்ததை அப்படியே எழுதினேன். என் வலைப்பதிவில் வந்த பொய்யை நம்பி ஒருவர் இரண்டு விரல்களை இழந்தார். அதை நான் எழுதவில்லை, ஆனால் படிக்காமல் விட்டது நான்தான் என்று எழுதினேன். இப்படி எழுதினால் யார் வருவார்கள் என்று தெரிந்தவர்கள் கேட்டார்கள். கணவர் மட்டும், "இருக்கட்டும், போடு" என்றார். கூரியரில் வாங்கியவர்களுடைய விலாசத்தை எடுத்து ஒவ்வொருவருக்கும் நானே போன் செய்தேன். இன்னும் இரண்டு பேர் கட்டுப் போடுவதை நிறுத்தியிருந்தார்கள். நல்ல வேளை, அவர்கள் உடனே ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். கடையில் போன் அடிப்பது குறைந்தது. உண்மைதான்.

அதற்குள் அந்தக் கட்டுரை வேறு இடங்களுக்குப் போய்விட்டிருந்தது. முன்பின் தெரியாத மூன்று கடைகள் அதை அப்படியே எடுத்துத் தங்கள் பக்கத்தில் போட்டிருந்தன. ஒன்றில் என் படத்தைக் கூட மாற்றவில்லை. மூவருக்கும் எழுதினேன். ஒருவர் எடுத்துவிட்டார். இன்னொருவர் பதிலே தரவில்லை. மூன்றாமவர் கட்டை விரல் தூக்கிய பொம்மை ஒன்றை அனுப்பினார். கட்டுரை இன்னும் அங்கேயே இருக்கிறது. புகார் எழுதிப் போட்டிருக்கிறேன். அது எந்த மேஜையில் தூங்குகிறதோ!

ஐந்து மாதம் கழித்துப் பெரியவர் வந்தார். புண் ஆறியிருந்தது. ஆஸ்பத்திரியில் கட்டி ஆற்றியது. காகிதத்தில் காலை வைக்கச் சொல்லி அளவு எடுத்தேன். விரல் இல்லாத இடத்தில் மெத்தென்று ஒரு திண்டு வைத்து, என் கணவர் அவர் உட்கார்ந்திருக்கும்போதே செய்து முடித்தார். பெரியவர் அதைப் போட்டுக்கொண்டு தெருமுனை வரை நடந்துபோய்த் திரும்பி வந்தார்.

"கால் நல்லா உக்காந்துக்குதுங்க" என்றார்.

தினமும் ராத்திரி பாதத்தைத் திருப்பிப் பாருங்கள், சின்னக் கீறல் என்றாலும் டாக்டரிடம்தான் போக வேண்டும் என்று சொன்னேன். அவர் தலையாட்டினார். மகள் வாசற்படியருகே நின்று என் புதிய பதிவைப் படித்துக்கொண்டிருந்தாள். முழுக்கப் படித்தாள். பிறகுதான், ஆஸ்பத்திரிக்குப் போன அந்த நாளுக்குப் பின் முதல் தடவையாக, என் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

"படிச்சுக்கூடப் பாக்காம எப்படி அடுத்தவங்க கையில உங்க பேரைக் குடுத்தீங்க?"

தெரியவில்லை என்றேன்.

அவள் அப்பாவின் கையைப் பிடித்துப் படியிறக்கி, பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோ கூப்பிட்டாள்.