ஹல்பெரா ஒட்டிய சீட்டு

டிசம்பர் இருபத்தேழு, காலை பத்து மணி. வடதுருவத்துக்குப் பக்கத்து ஊர், குளிர்காலம்; வெளியே இன்னும் விடியவில்லை. ஹல்பெரா கடையைத் திறக்கும்போதே பதினைந்து பேர் காலணிப் பனியைத் தட்டிக்கொண்டு வாசலில் நின்றார்கள். எல்லார் கையிலும் புத்தகம். அதில் பாதி நீல அட்டை. தூரத்திலிருந்தே அவளுக்கு அது தெரிந்தது. தெரியாமல் இருக்குமா? அந்த நீலம்தான் வேண்டுமென்று பதிப்பகத்தோடு இரண்டு மாதம் மல்லுக்கு நின்றவளே அவள்தானே.

அவளுக்கு ஐம்பத்தெட்டு வயது. இந்த நீல அட்டைப் புத்தகம் அவள் எழுதிய ஏழாவது நாவல். விடியற்காலை எழுந்து எழுதுவாள். பிறகு கம்பளி நூலும் பேட்டரியும் புத்தகமும் விற்கும் இந்தக் கடைக்கு வந்துவிடுவாள். முதல் நாவலைத் தலைநகர் ரெய்க்யாவிக்கின் பத்திரிகைகள் தூக்கி வைத்துக் கொண்டாடின. ஊரோ ஒன்றே ஒன்றுதான் கேட்டது: "அந்தக் குடிகார டாக்டர் நம்மூர்ல யாரு?" இரண்டாவது நாவலில் தான் இல்லை என்பதற்காக அஞ்சலகத்துக்காரி ஒரு வருடம் பேசவில்லை. மற்ற நாலுக்கும் இதே கதிதான். தன்னைத் தேடிப் புரட்டியதைத் தவிர ஊர் அவளைப் படித்ததே இல்லை.

அண்ணன் பெர்கூர் புரட்டக்கூட இல்லை. மீன்பிடிப் படகு இன்ஜினோடு நாற்பத்தைந்து வருடம் கிடந்தவன். இப்போது வாரம் இரண்டு துப்பறியும் நாவல் படிக்கிறான். "உன் புத்தகம் வேண்டாம். நாள் பூரா இந்த ஊர் மூஞ்சிகளைத்தான் பார்க்கிறேன், படுக்கையிலயுமா?" என்பான்.

ஆனால் ஏழாவதை அவள் அவனுக்காகத்தான் எழுதினாள். அவனுக்குப் பதினைந்து வயதானபோது, பள்ளியில் அவன்தான் முதல். இரண்டு பிள்ளைகளை விடுதிப் பள்ளிக்கு அனுப்ப வழியில்லை, படகுக்கோ ஆள் வேண்டும். அப்பா அவனைப் படகில் ஏற்றினார். பிறகு விடுதிக்குப் போனவள் ஹல்பெரா, அவன் பெயர் எழுதிய அகராதியோடு. அதைப் பற்றி அண்ணனும் தங்கையும் ஒரு வார்த்தை பேசியதில்லை. வாயால் சொல்ல முடியாததை முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் எழுதி, முதல் பக்கத்தில் அவன் பெயரைப் போட்டாள். கிறிஸ்துமஸ் பரிசாக ஒரு பிரதியை அவனுக்குச் சுற்றிக் கொடுத்தாள். அவன் அதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அது போதும் அவளுக்கு.

இந்த ஊரில் கிறிஸ்துமஸுக்குப் புத்தகம்தான் பரிசு. பண்டிகைக்கு முன் அறுபத்தொரு பிரதி விற்றது. ஊர் ஒருவழியாகத் திருந்திவிட்டது என்று நினைத்து, அவளே ஒவ்வொன்றாகப் பரிசுத்தாளில் சுற்றிக் கொடுத்தாள். இன்றைக்கு அத்தனையும் திரும்பி வருகிறது. பரிசு வேண்டாதவர்கள் மாற்றிக்கொள்ளக் கடையில் ஒட்டித் தரும் மாற்றுச் சீட்டு பின்னட்டையில் இருக்க வேண்டும், பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் இருக்க வேண்டும். அவ்வளவுதான், வேறு புத்தகம் எடுத்துக்கொண்டு போகலாம்.

முதலில் பக்கத்து வீட்டு ஓட்னி. "மூணு வந்துச்சு, ஹல்பெரா." மூன்றையும் மேஜைமேல் வைத்தாள்.

"ஒண்ணை வெச்சுக்கலாமே?"

"எதை வெச்சுக்கிறது? தங்கச்சி குடுத்ததை வெச்சா நாத்தனார் கோவிச்சுப்பா. மூணையும் குடுத்துட்டா யாருக்கும் வருத்தமில்ல பாரு."

எனக்கு உண்டு, என்று ஹல்பெரா நினைத்துக்கொண்டாள். ஓட்னி ஒரு பின்னல் புத்தகமும் இரண்டு சமையல் புத்தகமும் எடுத்துக்கொண்டு போனாள்.

அடுத்து பாதிரியார் ஸ்டூர்லா. "தப்பா நினைக்காதே. நூலகத்துல எடுத்து நிதானமாப் படிக்கலாம்னு இருக்கேன்."

"நூலகத்துக்கு அது இன்னும் வரவே இல்லையே, ஸ்டூர்லா."

"அப்படியா? சரி, வரட்டும்." அவர் எடுத்தது, ஒரு பாதிரியார் கொலையாகும் துப்பறியும் நாவல்.

பதினொன்றரைக்குள் இருபத்தெட்டு நீலப் புத்தகங்கள் அவள் முழங்கை அருகே குவிந்துவிட்டன. ஒன்றின் உறைகூடக் கிழியவில்லை. பிடிக்கவில்லை என்று ஒருத்தர் மூஞ்சியில் அடித்தாற்போல் சொல்லியிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். பிடிக்கவில்லை என்று சொல்லவும் படித்திருக்க வேண்டுமே! அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அப்போதுதான் வரிசையின் நடுவில் பெர்கூரின் பழைய கம்பளிக் குல்லாயைப் பார்த்தாள். அவன் கையிலும் நீலம்.

முறை வந்ததும் அவன் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்தான். "மாத்தணும்."

"நீயுமா?" அவள் குரல் கிறீச்சிட்டது. "நான் குடுத்ததைக்கூட ஒரு தடவை பிரிச்சுப் பார்க்க மாட்டியா நீ?"

"எதுக்குப் பிரிக்கணும்? நீயே சொல்லிட்டியே." பின்னட்டையின் மூலையில் விரலை வைத்தான். மாற்றுச் சீட்டு. நேராக, அழகாக ஒட்டப்பட்டிருந்தது.

ஹல்பெரா குனிந்து பார்த்தாள். இருபத்துமூன்றாம் தேதி இதே மேஜையில், இருநூறு புத்தகத்துக்கு ஒட்டிய கை இதற்கும் ஒட்டியிருக்கிறது. ஒட்டியது அவளுக்கு நினைவுகூட இல்லை.

"கூடப்பொறந்தவனுக்குக் குடுக்கிற பரிசுல யாராவது சீட்டு ஒட்டுவாங்களா?" என்றான் பெர்கூர். பின்னால் நின்றவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். "இவன் எங்க படிக்கப் போறான்னு முடிவு பண்ணிட்டே. சரி, விடு. மேஜைமேல இருக்கிற அந்தக் கொலைக் கதையைக் குடு."

"ஒட்டினது கைப்பழக்கம்டா! சத்தியமா!"

"சரி, குடு."

அவனுக்கு எப்படிப் புரியவைப்பது? ஏழு நாவல் எழுதியவளுக்கு ஒரு வாக்கியம் வரவில்லை. விடுக்கென்று புத்தகத்தை எடுத்தாள். நகத்தை விட்டுப் பிளாஸ்டிக் உறையைச் சர்ரென்று கிழித்தாள்.

"இப்ப மாத்த முடியாது," என்றாள். "உறை பிரிஞ்சா கடையில எடுக்க மாட்டோம்."

"நீதானே கிழிச்சே!"

"யார் கிழிச்சா என்ன? சட்டம் சட்டம்தான்." முதல் பக்கத்தைத் திறந்து அவன் முன்னால் தள்ளினாள்.

பெர்கூர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டான். அங்கே ஒரே வரிதான்: 'படிப்பை எனக்கு விட்டுக்கொடுத்த பெர்கூருக்கு.' அவன் வரியின்மேல் விரலை வைத்துப் படித்தான்.

"நான் விட்டுக்குடுக்கல, ஹல்பெரா," என்றான். "புடுங்கிக்கிட்டாங்க."

"தெரியும். ஒன்பதாம் பக்கத்துலேர்ந்து அதைத்தான் எழுதியிருக்கேன்."

அவன் குல்லாயை இழுத்துவிட்டுக்கொண்டான். மேஜைமேல் கிடந்த கொலைக் கதையைப் பார்த்தான், நீலக் குவியலைப் பார்த்தான். பிறகு தன் புத்தகத்தைக் கோட்டுக்குள் செருகிக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் வெளியே போனான்.