அரைத்த பல் முளைக்காது

2023 நவம்பர் 8, புதன்கிழமை. காலை நாலு நாற்பதுக்கு எழுந்தேன். மோட்டார் போட்டேன், எலுமிச்சை சாதம் கட்டினேன், அண்ணனூரில் ரயில் ஏறிப் பட்டரவாக்கத்தில் இறங்கினேன். ஆறு மணி ஷிஃப்ட். அம்பத்தூர் எஸ்டேட்டில் வண்டி உதிரி பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் பத்தொன்பது ஆண்டுகளாகத் தர ஆய்வுப் பிரிவில் இருக்கிறேன். கிரைண்டிங் முடிந்து வரும் ஒவ்வொரு பாகத்தையும், எங்கள் பேச்சில் ஜாப்பையும், அளந்து, சரியானதையும் சரியில்லாததையும் பிரித்து வைப்பது என் வேலை. அளவு கூடுதலாக இருந்தால் மறுபடி அரைத்துக்கொள்ளலாம். குறைந்துபோனால் பழைய இரும்புக்குத்தான். அன்று இருநூற்றுப் பதினாறு பார்த்தேன், மூன்றைத் தள்ளினேன்.

தினமும் டைரி எழுதுகிற பழக்கம் இருப்பதால், அன்று மாலை நடந்ததையும் நேரத்தோடு சொல்ல முடிகிறது.

என் மகளுக்கு அப்போது இருபத்து மூன்று வயது. ஆவடியில் ஒரு நகைக்கடையில் வேலை. முன்பற்களில் பழுப்புக் கோடுகள் உண்டு. வலியோ சொத்தையோ கிடையாது. ஆனால் கடையின் மேற்பார்வையாளர், "சிரிச்சுப் பேசும்மா, வர்றவங்க ஓடிடப் போறாங்க" என்று எல்லார் முன்னாலும் சொன்ன நாளிலிருந்து, வீட்டில்கூடக் கையால் வாயை மூடிக்கொண்டுதான் சிரித்தாள். வெனீர் போட வேண்டும் என்றாள். பல்லின் முன்பக்கத்தில் நகம் போல மெல்லிய வெள்ளைத் தகட்டை ஒட்டுவார்கள்.

நான்கு இடங்களில் விலை கேட்டு எழுதி வைத்தேன். மூன்றில் ஒரு பல்லுக்கே பத்தாயிரத்துக்கு மேல். சென்னீர்குப்பத்தில், மாடியில் இருந்த ஒரு கிளினிக்கில் மட்டும் தீபாவளிச் சலுகை: எட்டுப் பல்லும் சேர்த்து இருபத்தெட்டாயிரம், ஒரே நாளில் முடியும். என்ன நிறம், எத்தனை வருடம் உழைக்கும், உடைந்தால் மாற்றித் தருவீர்களா என்றெல்லாம் கேட்டேன். உள்ளே இருக்கும் பல்லை என்ன செய்வீர்கள் என்று மட்டும் கேட்கவில்லை. அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தது அவளல்ல, நான்.

ஷேர் ஆட்டோவில் போகும்போது, "புதுப் பல்லைப் பாத்து எவனாச்சும் தூக்கிகினு போய்டப் போறான்" என்று சீண்டினேன். "நீ அழுவாம உக்காரு, அது போதும். உன் மூஞ்சிதான் பேஷன்ட் மாரி கீது" என்றாள்.

நாலேகாலுக்கு அவளை உள்ளே அழைத்துக்கொண்டு, என்னை வெளியே உட்காரச் சொன்னார்கள். நாலு முப்பத்திரண்டுக்கு அரைக்கும் சத்தம் கேட்டது. நான் பயப்படவில்லை, நாளெல்லாம் அந்தச் சத்தத்தில் இருப்பவள்தானே. பிறகு அது திணறத் தொடங்கியது. உயர்ந்தது, கம்மியது, மறுபடி உயர்ந்தது. அழுத்திப் பிடித்து அரைத்தால்தான் சக்கரம் அப்படித் திணறும். கூடவே, முடி கருகுவது போல ஒரு வாடை. எங்கள் கம்பெனியில் தண்ணீர் விடாமல் யாரும் அரைக்க மாட்டார்கள். சூட்டில் ஜாப் கருகிவிடும். இங்கே தண்ணீர் பீய்ச்சும் சத்தமே இல்லை. கருகுவது இரும்பும் இல்லை.

கதவைத் தள்ளிக்கொண்டு போனேன். வெள்ளைக் கோட்டில் நாற்பது வயதுக்காரர் ஒருவர் திரும்பினார். மகளின் கண் மட்டும் பெரிதாகத் தெரிந்தது.

"யக்கா, வெளிய இருங்க."

"தண்ணி வுடாமலா அரைக்கிறீங்க?"

"பைப்பு அடச்சிகினு கீதுக்கா. ஊசி போட்டுக்கீறேன், பாப்பாக்கு ஒண்ணும் தெரியாது."

"எவ்ளோ எடுக்கப் போறீங்க?"

"லைட்டாத்தான்."

"லைட்டான்னா? ஒரு அளவு இருக்கும்ல?"

அவர் சிரித்தார். "அளவெல்லாம் இன்னாக்கா, கைக்குத் தெரியும்."

"டாக்டர் எங்க?"

"ஆறு மணிக்கு வருவாரு. ஒட்றது அவரு, அரைக்கிறது நானு. பத்து வருசமா இதே வேலதான்."

அவர் டாக்டர் இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரு பல் முடிந்திருந்தது. குச்சி போல இளைத்து, பக்கத்துப் பல்லின் பாதிதான் இருந்தது. பாதியில் நிறுத்துவது ஆபத்தா, தொடர விடுவது ஆபத்தா என்று எனக்குத் தெரியவில்லை. மகள் மரத்துப்போன உதட்டோடு, "இப்டியே எப்டிம்மா வெளிய வருவேன்?" என்று குழறினாள். மீதி ஏழு பல் முழுசாக இருந்தது. அதை மட்டும் பார்த்தேன். "எந்திரி" என்றேன். கட்டியிருந்த முன்பணத்தை அவர் திருப்பித் தரவில்லை. கேட்டுக்கொண்டு நிற்கும் நிலையில் நானும் இல்லை.

ஐந்து ஐம்பதுக்கு ஆவடியில் ஒரு பெண் பல் மருத்துவரிடம் இருந்தோம். விலை அதிகம் என்று நான் தள்ளிய மூவரில் ஒருவர். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்:

"வெனீருக்கு அரை மில்லிமீட்டர் எடுத்தாலே அதிகம்மா. இது மூணு மடங்கு போயிருக்கு. சூடு வேற பட்டிருக்கு. நரம்பு பொழச்சுதா இல்லையான்னு மரத்திருக்கும்போது சொல்ல முடியாது."

அப்போதைக்கு அந்தப் பல்லின் மேல் ஒரு மூடி வைத்தார். பிறகு மகளைப் பார்த்து, "காலைல எழுந்ததும் ஜில்லுனு தண்ணிய அந்தப் பல்லுல வச்சுப் பாரு. சுருக்குனு கூசி உடனே அடங்கிட்டா நல்லது. வலி நிக்காமத் தெறிச்சா கிளம்பி வா" என்றவர், "ஒண்ணுமே தெரியலன்னாலும் வா, நரம்பு செத்திருந்தா அப்டித்தான் இருக்கும்" என்றார்.

கடைசியாகச் சொன்னதுதான் என்னை உலுக்கியது. வலிக்காமல் இருப்பதற்குப் பயப்பட வேண்டும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்து ரசம் சாதத்தைப் பிசைந்து கொடுத்தேன். நாலு வாய் சாப்பிட்டாள். "நீதான பாத்து வச்ச எடம்" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை. பத்தொன்பது ஆண்டுகளாக அளவு கேட்காமல் எந்த ஜாப்பையும் கையில் வாங்காதவள், பெற்ற பிள்ளையின் பல்லுக்கு விலையை மட்டும் கேட்டுவிட்டு வந்திருக்கிறேன். அரைத்துப்போன பல் இனி முளைக்காது.

மறுநாள் காலை முதல் வேலையாக ஃப்ரிட்ஜிலிருந்து தண்ணீரை டம்ளரில் ஊற்றிக்கொண்டு போய் அவளை எழுப்பினேன். ஒரு வாய் எடுத்து முன்பல்லில் நிறுத்தினாள். ஒன்று. இரண்டு. முகத்தில் ஒன்றும் இல்லை. மூன்று என்னும்போது கண்ணை இறுக்கிக்கொண்டு துப்பினாள்.

"ஸ்ஸ்... கூசுதும்மா!"

"இன்னும் கூசுதா?"

"இல்ல. போச்சு."

அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். என் பிள்ளைக்குக் கூச வேண்டுமே என்று வேண்டிக்கொண்டு டம்ளரோடு நின்ற அந்த மூன்று நொடிகளுக்குப் பிறகு, யாராவது மலிவு என்று சொன்னால், நான் முதலில் கேட்பது அளவைத்தான்.